சேம அச்சும் மின்வண்டியும்

வண்டி ஒன்றின் தரத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் ஆராய வேண்டியது அது ஓடவிருக்கும் நிலத்தையே ஆகும். தேருக்கு உரிய இடம் வேறு, மரக்கலத்துக்கு உரிய இடம் வேறு என்பதை வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்துக் காட்டினார். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் கூறிய அவ்வறிவுரை இன்று கடைத்தெருவிற் பணப்பையுடன் நிற்கும் எளிய குடிமகனுக்கும் வேண்டியதாயிற்று. மின்சாரத்தால் ஓடும் துவிச்சக்கரவண்டியை விற்க முனைவோர் வாற்று, வோல்ற்று, அம்பியர் என்று எண்களை அடுக்குகின்றனர். வாங்குவோரும் அவ்வெண்களைக் கேட்டு மயங்குகின்றனர். ‘எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்?’ என்னும் வினாவை இருதிறத்தாரும் எழுப்புவதில்லை.

இலக்கியப் பகுதியிலே பண்டிதர் ஒருவருக்கு வண்டி பற்றிய ஆராய்ச்சி எதற்கு என வாசக நேயர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். சில காலமாக எம் பகுதி ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் என்னிடம் ஐயம் கேட்பது தொல்காப்பியச் சூத்திரத்தில் மட்டுமன்று. நான்கு அங்குல அகலச் சில்லுடைய மலிவான மின்வண்டியை வாங்கலாமா, வேண்டாமா என்பதிலுமாம். சேமித்த பணமும், சிலரிடத்து அடகு வைத்த நகையும் இவ்வினாவிலே தங்கியிருத்தலின், இதனைச் சிறுபொருள் என ஒதுக்க யான் ஒருப்படேன்.

முதலிற் பெயர் பற்றி ஒரு சொல். விளம்பரம் ஒன்றில் இதனைக் ‘கொழுப்புச் சில்லு வண்டி’ என எழுதியிருக்கக் கண்டேன். நெய்யிற் பொரித்த பண்டமோ என்று ஐயுறும்படி இருந்தது! 1930களிலே கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த மாகாணத்திலே இத்தகைய மொழிபெயர்ப்பு உலவுவது வருந்தத்தக்கது. பருமையுடைய சில்லாதலின் ‘பருஞ்சில்லு’ என்போம். இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவேன்.

இனி நிலத்துக்கு வருவோம். ஓட்டம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய எமது ஓட்டமாவடியிலிருந்து எத்திசையிற் புறப்படினும் சிறிது நேரத்துள் மண் மாறிவிடும். வாழைச்சேனைப் பக்கம் செல்லின் காப்பற் வீதி. (புகைவண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே பாலத்தில் முறைவைத்துச் சென்ற காலத்தை என் வயதினர் மறந்திரார்.) அங்கிருந்து கல்குடா, பாசிக்குடாப் பக்கம் திரும்பிக் கடலை அணுகின், காலை உள்ளிழுக்கும் வெண்மணல். மறுபுறம் நாவலடிச் சந்தியைத் தாண்டிப் புனானைப் பக்கம் போனால் வீதியிலிருந்து பிரியும் உள்வழிகள் கிறவலும் செம்மண்ணுமாய் இருக்கும். வாகனேரிப் பக்கத்து வயல் வழிகளோ கோடையிற் கல்லாய் இறுகி, மாரியிற் களியாய்க் குழைவன. ஒரு நாளைய பயணத்திலேயே இந்நான்கையும் மிதிக்க நேரும் மக்கள் எம்மவர். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்து ‘இது நல்ல வண்டி’ என்று கூறுதல் இங்கே பொருளற்றது.

மணலில் வண்டிச்சில்லு புதைவது புதிய துன்பமன்று. நெய்தற் பாடல்களிலே தலைவனின் தேர் கானல் மணலில் வரும்போது சில்லு புதைவதையும், அதன் கீழ் நண்டுகள் அகப்படுவதையும் புலவர் பலர் பாடியுள்ளனர். குதிரை பூட்டிய தேரே இடர்ப்பட்ட மணலிலே ஒன்றரை அங்குல ரயர் கொண்ட எமது பழைய றலிச் சைக்கிள் என் செய்யும்? இறங்கித் தள்ளுவதே வழி. கல்குடாப் பக்கத்தில் மீன்கூடையைக் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வரும் முதியோரை இன்றும் காணலாம்.

பருஞ்சில்லு இத்துன்பத்தைத் தீர்ப்பது மாயத்தால் அன்று, எளிய கணக்கினால். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 220 இறாத்தல் எனக் கொள்வோம். ஒடுங்கிய ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தத்திற் காற்றடித்தால், இரு சில்லுகளும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நான்கு சதுர அங்குலமே. நான்கு அங்குல அகல ரயருக்கு 10 இறாத்தல் மட்டும் அடித்தால் அப்பரப்பு 22 சதுர அங்குலமாய் விரிகிறது. பாரம் பரவுகின்றது; மணல் தாங்குகின்றது. ஒட்டகத்தின் பாதமும் இதே உபாயத்தையே கையாள்கின்றது. 1980களின் இறுதியில் அலாஸ்காவின் பனிப்பாதைகளில் ஓட்டுவதற்கென இத்தகைய அகன்ற சில்லுகளை ஆர்வலர் தம் பட்டறைகளிலே ஆக்கினர். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை மணலிலும் அத்தகைய முயற்சி நடந்தது. 2005இல் சேர்லி என்னும் நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைச் சந்தைக்கு விட்ட பின்னரே அது கடைப்பொருளாயிற்று. மோட்டார் அதனுடன் சேர்ந்ததும், பெருந்தொகையாய் உற்பத்தியாகி விலை இறங்கியதும் அதன் பிற்பட்ட கதை. அமெரிக்காவிலே லெக்ட்ரிக் என்னும் நிறுவனம் பருஞ்சில்லு மடிப்பு வண்டியை 999 டொலருக்கு விற்றபோது, ‘இவ்வளவு தந்தாற் போதும்’ என்ற எண்ணம் உலகெங்கும் வாங்குவோர் மனத்திற் பதிந்துவிட்டது.

எம் நாட்டிலே இவ்வண்டியின்பால் மனம் சாய்ந்தமைக்கு வேறொரு காரணம் உண்டு. 2022 யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாயிற்று. பின்னர் வந்த கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே தொடக்கத்திற் கிடைத்தது. பெற்றோல் நிலையத்து வரிசையில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வகுப்பறைக்கு வந்த ஆசிரியர்களை யான் அறிவேன். 2023 செப்டெம்பரில் அப்பங்கீட்டு முறை நீங்கிற்று, அச்சம் நீங்கவில்லை. ஆயின் அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், அவ்வாண்டு ஆகஸ்டிலும் அடுத்த ஆண்டு பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதும் உயர்ந்ததையும் மின்வண்டி விரும்பிகள் நினைவிற் கொள்வதில்லை. பெற்றோலுக்கு அஞ்சி மின்சாரத்திடம் சரணடைதல் முழு விடுதலை ஆகாது. எனினும், பெடல் உள்ள வண்டி என்பதனால் மின்சாரம் அற்ற நாளிலும் கால் உள்ளவன் வீடு சேரலாம். இந்த ஒரு நன்மையை யான் பெரிதாய் மதிக்கிறேன்.

என்னிடம் முன்னர் பயின்று, இப்பொழுது கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றிற் கற்பிக்கும் இளைஞர் இத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். “சேர், நீங்கள் ஓடிப் பார்த்துச் சொல்லுங்கோ, ஊரில எல்லாரும் என்னைக் கேட்கிறாங்க” என்று வண்டியைச் சில நாள் என்னிடம் விட்டுச் சென்றார். இருபது அங்குல விட்டமும் நான்கு அங்குல அகலமும் கொண்ட சில்லுகள். பின்சில்லின் குடத்துள் 500 வாற்று மோட்டார். 48 வோல்ற்று, 13 அம்பியர் மணி பற்றரி. எடை 31 கிலோ.

கிறவல் வழியில் அவ்வண்டி என்னை வியப்பில் ஆழ்த்தியது என்பதை மறையாது கூறுவேன். கற்களின் மேல் றலிச் சைக்கிளில் எழும் எலும்பு நோவு இதில் இல்லை. கடலோர மணலிலும் காற்றைக் குறைத்தபின் இறங்காமலே ஓட்டினேன். முன்சில்லை வலிந்து திருப்பாமல், பெடலையும் சேர்த்து மிதித்து, நேரே செலுத்துதல் வேண்டும், அவ்வளவே. காப்பற் வீதியிலோ அதே குறைந்த காற்றுடன் ஓட்டினால் வண்டி சேற்றெருமை போல் அசைகிறது. வளைவுகளிற் கைபிடி தானே திரும்ப முயல்கிறது. 20 இறாத்தலுக்கு மேல் ஏற்றிய பின்னரே அமைதி பெற்றது. மணலுக்கு ஒரு காற்று, வீதிக்கு ஒரு காற்று என்பதால், கைப்பம்பும் அழுத்தமானியும் பையில் இல்லாதவருக்குப் பருஞ்சில்லின் பயன் பாதியே. இதனை விற்பனையாளர் எவரும் சொல்லக் கேட்டிலேன்.

வயல் வழிக் களியில் என் மதிப்பு மாறுபட்டது. மணலில் மிதக்கும் சில்லு களியில் வழுக்குகிறது. ஒட்டும் மண் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே திரண்டு அடைத்துக்கொள்ள, சில்லு சுழல மறுக்கிறது. அப்போது 31 கிலோ வண்டியை வரம்பின்மேல் தூக்கி வைத்தல் ஐம்பது கடந்த என் போன்றோர்க்கு எளிதன்று. சேலையோ அபாயாவோ அணிந்த ஆசிரியைக்கு அது எளிதென யார் கூறுவர்? மாரி மூன்று மாதமும் வயல்வழியே செல்ல வேண்டியவருக்கு இவ்வண்டியை யான் பரிந்துரையேன். அவருக்கு ஒடுங்கிய ரயர்ச் சைக்கிளும் நல்ல தோள்வலியுமே துணை.

பற்றரி பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும், ஏனெனில் மலிவு என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 48ஐ 13ஆற் பெருக்கின் 624 வாற்று மணி. சமதள வீதியிலே பெடலையும் மிதித்துச் சென்றால் கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு வாற்று மணி அளவே செலவாகும். ஐம்பது கிலோமீற்றர் போகலாம். பெடலைத் தொடாமல் மணலிலும் கிறவலிலும் கைபிடியை முறுக்கியே சென்றால் அச்செலவு இருமடங்காகும். இருபத்தைந்து கிலோமீற்றரில் வண்டி நின்றுவிடும். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்பது கிலோமீற்றர் எந்த மண்ணில், எந்தக் காற்றில், எத்தனை கிலோ மனிதனை ஏற்றி அளந்ததோ! திரும்பி வரும் தூரத்தையும் கணக்கிட்டு, அறிவித்த தூரத்தில் மூன்றிலொரு பங்கையே நம்புதல் அறிவுடைமை. ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீற்றர் கிறவல் இருக்குமாயின், இப்பற்றரி அவருக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. இடைவேளையிற் பாடசாலையில் மின்னேற்ற அதிபர் ஒப்புவாராயின் வேறு கதை.

ஆயினும் ஒரு முறை நிரப்புவதற்கு ஒரு யூனிற் மின்சாரமே போதும் என்பது உண்மை. நாளாந்தச் செலவில் பெற்றோல் வண்டி இதற்கு ஈடாகாது. அந்தச் சிறு செலவைக் காட்டியே விற்கிறார்கள். பெருஞ்செலவு பின்னால் வருகிறது. இலிதியம் பற்றரி வகையைப் பொறுத்து ஐந்நூறு முதல் ஆயிரம் முழு மின்னேற்றம் வரையே தன் கொள்ளளவைப் பெரிதும் இழக்காது நிற்கும். மலிவான கலங்கள் கீழெல்லையை ஒட்டியே நிற்பன. பாடசாலை நாள் ஆண்டுக்கு இருநூறு என வைத்து நாள்தோறும் ஏற்றினால், ஐந்நூறு என்பது இரண்டரை ஆண்டு. எம் பகுதியிலே தகரக்கூரையின் கீழ், உச்சி வெயிலில் வண்டியை விட்டால் அதுவும் குறையும். வெப்பம் இலிதியத்தின் பகை. புதிய பற்றரியின் விலையோ வண்டி விலையில் மூன்றிலொரு பங்கை எட்டக் கூடியது.

இங்கேதான் என் நெஞ்சு பதைக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்திலே நுண்கடனால் நிலைகுலைந்த குடும்பங்களின் கதை யாவரும் அறிந்தது. மூன்றாண்டுத் தவணைக்கு வண்டியை எடுத்து, இரண்டரை ஆண்டிற் பற்றரி சோர்ந்துபோனால், எஞ்சிய ஆறு மாதமும் ஓடாத வண்டிக்குத் தவணை கட்டும் நிலை வரும். புதுப் பற்றரிக்கு இன்னொரு கடன். தவணைக்காலம் பற்றரியின் ஆயுளில் பாதிக்கு மேற்படலாகாது என்பது என் துணிபு. அதற்குள் கட்டி முடிக்க இயலாதவர் லுமாலாச் சைக்கிள் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கிக் காலால் மிதிப்பது மேல். இதனைக் கேட்ட இளைஞர் ஒருவர், “பண்டிதர் ஐயா எங்களைப் பின்னுக்கு இழுக்கிறார்” என்றார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது முன்னுக்குப் போவது யாரோ?

பற்றரியின் மற்றொரு தீங்கு தீ. நியூயோர்க் மாநகரிலே 2023ஆம் ஆண்டில் மட்டும் இலிதியம் பற்றரிகளால் 268 தீவிபத்துகள் நிகழ்ந்து பதினெண்மர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து, யூஎல் 2849 என்னும் பாதுகாப்புத் தரத்துக்கு அமைந்த மின்வண்டிகளையே அங்கு விற்கலாம் எனச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு ஈஎன் 15194 என்னும் தரம் உண்டு. இவற்றுள் எதுவும் பொறிக்கப்படாத பற்றரியை, அது எவ்வளவு மலிவாயினும், உறங்கும் அறைக்குள் மின்னேற்ற வைத்தல் தகாது. வண்டிக்கு உரிய மின்னேற்றியையன்றி அயலாரின் மின்னேற்றியைப் பொருத்துதலும் தகாது. இரவெல்லாம் செருகிவிட்டு உறங்கும் பழக்கம் எம்மவரிடம் கைத்தொலைபேசியால் வந்தது. தொலைபேசிப் பற்றரியைப் போல் நாற்பது மடங்கு ஆற்றல் இதனுள் அடைபட்டிருக்கிறது என்பதை உணர்தல் வேண்டும்.

பிறேக் பற்றிச் சுருங்கக் கூறின், கம்பியால் இழுபடும் தட்டு பிறேக் வெறும் வண்டிக்குப் போதும். கரியரில் ஐம்பது கிலோ அரிசி மூடையை ஏற்றிய வண்டிக்குப் போதாது. மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் எனக் குறளிற் படித்தவர்களே மூடைமேல் பிள்ளையையும் ஏற்றிச் செல்கின்றனர்!

சட்டத்தையும் மறத்தலாகாது. ஐரோப்பாவில் 250 வாற்று மோட்டாரும், 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓய்ந்துவிடும் உதவியுமே சைக்கிள் என்னும் பெயருக்கு உரியவை. இந்தியாவிலும் 250 வாற்று, 25 கிலோமீற்றர் என்பதே பதிவு வேண்டாத வண்டிக்கு எல்லை. 500 வாற்று மோட்டாருடன் கைபிடியை முறுக்கியதும் பாயும் வண்டி அவ்வெல்லைகளின்படி சைக்கிளே அன்று. எனவே “பதிவும் வேண்டாம், அனுமதிப்பத்திரமும் வேண்டாம்” என்று கடைக்காரர் வாய்மொழியாய்க் கூறின், அதனை எழுத்தில் தருமாறு கேளுங்கள். எழுதத் தயங்கினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் பிறந்தநாட் பரிசாய் இதனை வாங்கிக் கொடுக்கும் தந்தையரை யான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பதினெட்டு நிரம்பாதவனுக்கு மோட்டார் சைக்கிளைக் கொடுக்க அஞ்சும் அதே தந்தை, பெடல் இருக்கிறது என்பதால் மட்டும் இதற்கு அஞ்சாதிருப்பது விந்தையே.

இவ்வளவும் கூறிய பின்னரும் எஞ்சும் ஒரு பெருங்குறையை உணர்த்தப் புறநானூற்றின் 102ஆம் பாட்டையே யான் துணைக்கொள்வேன். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிலே கட்டிச் செல்லும் சேம அச்சை அவனுக்கு உவமை ஆக்கினார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ என்பது முன்னரே தெரியாது, பாரமோ மிகுதி, ஆதலால் மாற்று அச்சின்றி உமணர் புறப்படுவதில்லை. பல்வேறு நிலங்களிற் செல்லும் வண்டிக்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை எந்த உற்பத்தியாளரும் எழுதியதில்லை. எமது மலிவு மின்வண்டிக்குச் சேம அச்சு எங்கே? இருபது அங்குல விட்டமும் நான்கு அங்குல அகலமும் கொண்ட ரியூப்பை எங்கள் பசாரில் தேடினேன். சாதாரண இருபத்தெட்டு அங்குல ரியூப் எக்கடையிலும் தொங்குகிறது, இது இல்லை. நெருஞ்சி முள் ஏறினால் பின்சில்லைக் கழற்ற முதலில் மோட்டாரின் மின்கம்பியைப் பிரிக்க வேண்டும். பின் பெரிய சாவி கொண்டு அச்சுமுறுக்காணியை நெகிழ்த்த வேண்டும். ஒட்டுப் போடும் பெடியன் “இதை நான் தொடமாட்டன் காக்கா” என்று கைவிரிக்கிறான். மோட்டாரை ஆளும் மின்பெட்டி பழுதாயின் கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். உவர்நீர்க் காற்று வீசும் எம் ஆற்றங்கரையிலே மின்இணைப்புகள் பச்சை பூத்துக் கெடுவதும் விரைவு.

ஆகவே வாங்க வருவோர் மோட்டாரின் வாற்றைக் கேட்பதற்கு முன், ரியூப், ரயர், பிறேக் கட்டை, மின்பெட்டி, மின்னேற்றி ஆகியவற்றைக் கடையின் இறாக்கையிலே கண்ணாற் காட்டுமாறு கேட்டல் வேண்டும். ‘வரவழைத்துத் தருவோம்’ என்ற விடை சேம அச்சு ஆகாது. காட்டுவாராயின், நாள்தோறும் இருபது கிலோமீற்றருக்கு மேற்படாத கிறவலும் மணலும் உள்ள வழியில், பற்றரியைக் கழற்றி நிழலில் வைக்க வசதியுள்ள, கடன்படாத, வயது வந்த ஒருவர் இவ்வண்டியை வாங்குதல் நன்று என்றே கூறுவேன். பேருந்துக்கு நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் காத்திருக்கும் ஆசிரியைக்கு அந்நேரம் திரும்பக் கிடைப்பது சிறு பேறன்று. காப்பற் வீதியிலேயே சென்று வருவோருக்குப் பருஞ்சில்லு வீண்பாரம். ஒடுங்கிய ரயர் வண்டியே தகும்.

ஒன்று மட்டும் எம் கையில் இருக்கிறது. மட்டக்களப்புத் தொழினுட்பக் கல்லூரி, எம் பகுதிச் சைக்கிள் திருத்துநர்களுக்கென மின்மானியைப் பார்க்கவும், இணைப்புகளைப் பற்றாசு வைக்கவும், மோட்டார்ச் சில்லைக் கழற்றி மாட்டவும் ஒரு வார இறுதிப் பயிற்சியை நடத்தலாம். சில்லுக்கு ஓரம் எடுக்கும் கலையைத் தந்தையிடம் கற்ற கைகளுக்கு இது நெடுநாட் பாடமன்று. ஏப்பிரல் விடுமுறையில் பாடசாலை ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கிறது. மேசையும் மின்மானியும் அங்கே இருக்கின்றன. எம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கற்பிக்க இசைந்துள்ளார். பெயர் கொடுக்க விரும்பும் திருத்துநர் பங்குனி முடிவதற்குள் வந்தால் போதும்.